நின்ற இடத்தைக் குறித்து வையுங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரித் தெருக்களைப் படத்தில் ஆவணமாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரி பழையபேட்டையின் புளி மண்டி வாசலில் என்றோ எடுத்த படம் ஒன்று உங்கள் கைக்கு வருகிறது என்று வையுங்கள். மாட்டு வண்டி நிற்கிறது, மூட்டை இறங்குகிறது, பின்னால் மலை தெரிகிறது. எந்த வருஷம், எந்த முனை, வண்டிக்காரர் யார் என்று ஒரு வரி கூட இல்லை. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தத் தெரு எப்போது அகலமானது, மண்டி எந்தப் பக்கம் இருந்தது என்று யாராவது கேட்டால் அந்தப் படம் வாய் திறக்காது. எடுத்தவர் எங்கே நின்றார், எந்தத் திசை பார்த்தார், அன்று என்ன தேதி என்ற மூன்றும் இருந்திருந்தால் அதே படம் ஊரின் சொத்தாகியிருக்கும். இந்த வழிகாட்டி பெரும்பாலும் அந்த மூன்றைப் பற்றியதே.

முதலில் ஊரைத் தேடிப் படியுங்கள்

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து பிரிந்தது. ஆவணம் தேடுகிறவருக்கு இந்த இரண்டு தேதிகளும் சாவி மாதிரி. 1965க்கு முந்தைய படங்கள், வரைபடங்கள், அரசு அறிக்கைகள் எல்லாம் 'சேலம்' என்ற பெயரில் கிடக்கும். 1918இல் வெளிவந்த சேலம் மாவட்ட கெஜட்டியரில்தான் அன்றைய கிருஷ்ணகிரியையும் ஓசூரையும் தேட வேண்டும். 1792க்குப் பக்கத்துக் காலம் என்றால் 'பாராமகால்' என்று தேடுங்கள். ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறிய பகுதிக்கு அந்தப் பெயர்தான். அதற்கும் முன்னால், அதியமான் காலத்துக்குப் போனால் தருமபுரி 'தகடூர்' ஆகிவிடும்.

எழுத்துகூட இங்கே ஒரே மாதிரி இல்லை. தருமபுரி, தர்மபுரி, ஓசூர், ஒசூர். உங்கள் படங்களுக்குக் குறிச்சொல் போடும்போது இரண்டு வடிவங்களையும் போடுங்கள். ஒன்றை மட்டும் போட்டால், மற்றதைத் தட்டித் தேடுகிறவருக்கு உங்கள் படம் இல்லாததாகிவிடும்.

படித்த பிறகு ஒரே ஒரு தெருவைத் தேர்ந்தெடுங்கள். மாவட்டம் முழுக்க ஓடி எடுக்கிறவரை விட, தருமபுரி நான்கு ரோட்டிலிருந்து கோட்டைக் கோயில் வரை ஒரே பாதையில் மாதம் இருமுறை நடக்கிறவர் கையில்தான் நல்ல ஆவணம் சேரும். முதல் நாள் கேமரா வேண்டாம். தெருவை ஒரு தாளில் கோடாக இழுத்து, இருபுறமும் கடை, வீடு, கோயில், தர்கா, மரம், மின்கம்பம் என்று வரிசையாக எழுதுங்கள். ஒரு கிலோமீட்டர் தெருவுக்கு இரண்டு மணி நேரம் ஆகும்.

பையில் என்ன வேண்டும்

தெரு நடைக்கு ஒரு கேமரா, ஒரு லென்ஸ். படம் பதியும் சென்சார் முழுச் சட்டக அளவு என்றால் 28 அல்லது 35 மி.மீ., சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 18 அல்லது 23 மி.மீ. இரண்டு பேட்டரி, இரண்டு மெமரி கார்டு, ஊதி (தூசி ஊதும் ரப்பர்க் குமிழ்), மெல்லிய பருத்தித் துணி, 5 மீட்டர் அளவு நாடா, பாக்கெட் நோட்டு, பென்சில். பேனாவை விடப் பென்சில் மேல். மழையில் நனைந்தாலும் எழுத்து கரையாது. கைப்பேசி மட்டும் இருந்தாலும் இங்கே சொல்லும் வேலையில் முக்கால்வாசியைச் செய்துவிடலாம்.

இந்தப் பகுதியில் கேமராவுக்கு முதல் எதிரி தூசி. கிரானைட் குவாரி, கல் அறுக்கும் பட்டறை இருக்கும் பக்கம் போனால் அங்கே நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். கல் தூள் சென்சாரில் ஒட்டினால் ஊதியால் போகாது. துணியால் தேய்த்தால் கீறும். லென்ஸ் முகப்பில் பட்டாலும் முதலில் ஊதி, பிறகுதான் துணி. சித்திரை வெயிலில் கதவு சாத்திய காரின் முன்பலகையில் கேமராவை வைக்காதீர்கள். பேட்டரி உப்பும், லென்ஸுக்குள் இருக்கும் மசகு உருகி, வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் துளை இதழ்களில் ஏறும்.

வெளிச்சக் கணக்கு

தருமபுரி 12.1, கிருஷ்ணகிரி 12.5 பாகை வட அட்சத்தில் இருக்கின்றன. இதிலிருந்து தெருப்படத்துக்கு நேரடியாக உதவும் சில கணக்குகள் வருகின்றன. ஏப்ரல் 22, 23 வாக்கிலும் ஆகஸ்ட் 20 வாக்கிலும் மதியம் 12.15 முதல் 12.20க்குள் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். கம்பத்துக்கு நிழல் விழாது. ஆள் முகத்தில் கண்குழி கறுத்துப்போகும். அந்த நேரத்தில் முகம் எடுக்காதீர்கள். கூரை, பந்தல், சாக்கு விரித்த நடைபாதைக் கடை என்று மேலிருந்து பார்க்கும் படங்களை எடுங்கள்.

இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே சூரியன் நாள் முழுக்க வடக்கே சாய்ந்திருக்கும். ஆகவே ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை தெற்குப் பார்த்த சுவரில் நேர் வெயில் விழவே விழாது. வடக்குப் பார்த்த சுவருக்கு நேர்மாறு: செப்டம்பர் 23 முதல் மார்ச் 21 வரை அதில் வெயில் படாது. பழைய கட்டடத்தின் முகப்பை வெயிலோடு எடுக்க வேண்டுமென்றால் அது எந்தத் திசை பார்க்கிறது என்பதை வைத்து மாதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது தெரியாமல் வடக்குப் பார்த்த கோயில் வாசலுக்கு மார்கழி முழுக்க விடியற்காலையில் போய் நிற்பவர்கள் உண்டு. தை, மாசி வந்தாலும் அவர்களுக்கு வெயில் கிடைக்காது.

கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் மார்ச், செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் உதயம் தெருவின் முனையிலேயே நடக்கும். தெரு முழுக்க நீள நிழல். அந்த நாட்களை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். வருஷத்தில் இரண்டே முறைதான்.

தெருவில் நிற்பதும் பேசுவதும்

கேமராவைத் தூக்குவதற்கு முன் பேச வேண்டுமா, பின் பேச வேண்டுமா என்று பலரும் கேட்பார்கள். நடந்துகொண்டிருக்கும் கூட்டம் என்றால் எடுத்துவிட்டுப் பேசலாம். ஒருவர் முகமே படம் என்றால் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கேட்பதற்கு நீட்டி முழக்க வேண்டாம். "அக்கா, வணக்கங்க. இந்தத் தெரு எப்படி இருந்துச்சுன்னு வருசா வருசம் படம் எடுத்து வெக்கிறோம். நீங்க புளி தட்டறத ஒண்ணு எடுத்துக்கட்டுங்களா?" இவ்வளவு போதும். பெரியவர்களை ஐயா, அம்மா என்றும், நடுவயதினரை அண்ணா, அக்கா என்றும், பழையபேட்டையிலும் தௌலதாபாத்திலும் முஸ்லிம் கடைக்காரர்களை பாய் என்றும் அழைப்பது வழக்கம். ஓசூர், தளி பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழி. அங்கேயும் 'அண்ணா' எடுபடும்.

"எதுக்குங்க எடுக்கறீங்க?" என்ற கேள்வி பெரும்பாலும் பயத்தில் வருவது. சாலை விரிவாக்கம், ஆக்கிரமிப்பு அகற்றம், வரி என்று ஏதோ அளவெடுக்க வந்திருக்கிறார் என்றே கடைக்காரர் நினைப்பார். அளவு நாடாவை வெளியே எடுத்தால் சந்தேகம் இரட்டிப்பாகும். அதனால் முதல் வாக்கியத்திலேயே "நகராட்சியிலிருந்து வரலைங்க, சர்வேயும் இல்லைங்க" என்று சொல்லிவிடுங்கள். மறுத்தால் மறுப்புதான். கொஞ்சம் தள்ளிப்போய், தூரத்தை அருகில் காட்டும் டெலி லென்ஸால் அதே முகத்தை எடுப்பது திருட்டு. அந்தத் தெருவுக்கு நீங்கள் அடுத்த மாதமும் வர வேண்டும்.

கேமரா அமைப்பில் குழப்பிக்கொள்ளாதீர்கள். பகலில் லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் வேகம் 1/250 நொடி, ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ தானியங்கி, உச்சம் 3200. ஃபோகஸைக் கையால் பூட்டிவிடுங்கள். முழுச் சட்டகத்தில் 28 மி.மீ. லென்ஸை எஃப் 8இல் 3.3 மீட்டரில் நிறுத்தினால் 1.6 மீட்டரிலிருந்து கண்ணெட்டும் தூரம் வரை தெளிவாக வரும். 35 மி.மீ. என்றால் 5 மீட்டரில் நிறுத்துங்கள், 2.5 மீட்டரிலிருந்து தெளிவு. ஏபிஎஸ்-சியில் 18 மி.மீ. என்றால் 2 மீட்டரில் நிறுத்தினால் 1 மீட்டரிலிருந்து. தானியங்கி ஃபோகஸ் கூட்டத்தில் குறுக்கே வரும் தோளைப் பிடித்துக்கொள்ளும். மூட்டை தூக்குகிறவர் முகம் மங்கிவிடும். சந்தைப் படங்கள் கெடுவதற்கு முதல் காரணம் அதுதான்.

சந்தை என்றால் ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி, வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளி. விடிவதற்குள் போய்விட வேண்டும். ஆடு மாடு பேரம் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். பத்து மணிக்கு வருகிறவருக்குக் கயிறும் சாணமும்தான் மிச்சம். மாட்டு வியாபாரத்தில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்தால் கையை மட்டும் எடுங்கள். நடுவே புகுந்து விலையைக் கேட்காதீர்கள். மாங்காய்க் காலத்தில், அதாவது சித்திரை முதல் ஆனி வரை, கிருஷ்ணகிரி மண்டிகளிலும் மாங்கூழ் ஆலை வாசல்களிலும் லாரி வரிசை நிற்கும். அங்கே படத்தின் கூடவே பெயரையும் கேட்டு எழுதுங்கள்: பெங்களூரா, அல்போன்சா, செந்தூரா, மல்கோவா, நீலம், பீத்தர். 'மாம்பழம்' என்று மட்டும் எழுதிய குறிப்பால் பின்னாளில் ஒரு பயனும் இல்லை. எந்த ரகம் எந்த ஆண்டு குறைந்தது என்பதே விவசாயிகளின் வரலாறு.

எருது விடும் விழாவும் இரவுக் கூத்தும்

தை முதல் பங்குனி வரை கிருஷ்ணகிரிச் சுற்றுக் கிராமங்களில் எருது விடும் விழா நடக்கும். இங்கே ஒரே விதி: காளை ஓடும் பாதையில் நிற்காதீர்கள். பாதை முடியும் இடத்திலும் நிற்காதீர்கள். ஓடி வந்த காளை அங்கேதான் திசை தெரியாமல் திரும்பும். முந்தின நாளே போய், பாதையின் பாதித் தூரத்தில் மாடியுள்ள வீட்டுக்காரரிடம் கேட்டு இடம் பிடியுங்கள். 70-200 மி.மீ. லென்ஸ், ஷட்டர் 1/1000. கொம்பில் கட்டிய அலங்காரத் தட்டியைப் பிடிக்க இளைஞர் கை நீளும் நொடிக்கு முன்கூட்டியே தொடர் படமெடுப்பைத் தொடங்க வேண்டும். கண்ணால் பார்த்த பிறகு அழுத்தினால் தட்டி போய்விட்டிருக்கும். ஓட்டத்தின் வேகத்தைக் காட்ட வேண்டுமென்றால் 1/40இல் காளையோடு கேமராவையும் திருப்புங்கள். இருபது படத்தில் ஒன்று தேறினால் நல்ல நாள்.

தெருக்கூத்துக்கு வேறு கணக்கு. பாரதக் கூத்து இரவெல்லாம் நடந்து, விழாவின் கடைசிக் காலையில் துரியோதனன் படுகளத்தில் முடியும். இப்போது எல்லா மேடையிலும் எல்இடி விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்கு நொடிக்கு நூறு முறை மினுங்கும். சத்தமில்லாத மின்னணு ஷட்டரில் எடுத்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். கேமராவில் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/100இல் எடுங்கள். நடிகர் சுழன்று ஆடும்போது 1/100 போதாது. 1/250க்கு ஏற்றினால் சில படங்கள் இருண்டு வரும், நிறமும் ஒன்றுக்கொன்று மாறும். ஒரே அசைவை ஐந்தாறு முறை எடுத்துத் தேர்ந்தெடுப்பதுதான் வழி. ஐஎஸ்ஓ 3200 முதல் 6400, லென்ஸ் எஃப் 2 அல்லது அதற்குக் கீழ். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். அரிதாரத்தின் செம்மை வெளிறிவிடும், கண்ணாடி பதித்த கிரீடமும் தோள் அணியான புஜகீர்த்தியும் வெள்ளைப் புள்ளிகளாகச் சிதறும், நடிகருக்கும் கண் கூசும்.

கூத்தில் ஆவண மதிப்பு மேடையை விட ஒப்பனைக் கொட்டகையில்தான் அதிகம். வாத்தியாரிடம் மாலையிலேயே அனுமதி வாங்குங்கள். முகத்தில் முதல் பூச்சு, கோடு, நிறம், கட்டை அணிகள், கிரீடம் என்று ஒரே நடிகரை ஒரே இடத்திலிருந்து பதினைந்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தால், வேடம் கட்டும் முறையே வரிசையாகப் பதிவாகிவிடும்.

கல்லை எடுப்பது

இந்த இரண்டு மாவட்டங்களிலும் நடுகற்கள் நிறைய. பழைய தமிழ் எழுத்து வடிவமான வட்டெழுத்துப் பொறித்தவையும் உண்டு. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் ஒரு தொகுப்பு இருக்கிறது. வயலிலும் ஏரிக்கரையிலும் கும்பிடு சாமியாகவும் பல நிற்கின்றன. நேர் வெயிலில் எடுத்தால் எழுத்து தெரியாது. வெயில் கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போக வேண்டும். கிழக்குப் பார்த்த கல்லுக்கு 11 மணிக்கு மேல் 12க்குள் அந்த நேரம் வரும். மேற்குப் பார்த்த கல்லுக்கு 12.30 முதல் 1.30 வரை. நிழலில் இருக்கும் கல்லுக்கு இருட்டிய பிறகு கைவிளக்கோடு போவது இன்னும் நல்லது:

1. கேமராவைக் கல்லின் முகத்துக்கு இணையாக, நடு உயரத்தில் முக்காலியில் நிறுத்துங்கள். 50 மி.மீ. லென்ஸ், எஃப் 8 அல்லது 11, ஐஎஸ்ஓ 100, இரண்டு நொடித் தாமதம்.
2. கல்லின் ஓரத்தில் 10 செ.மீ. அளவுகோல் வையுங்கள், கல்லைத் தொடாமல், எழுத்தை மறைக்காமல்.
3. விளக்கைக் கல்லின் முகத்திலிருந்து 10, 15 பாகைச் சாய்வில், ஒரு மீட்டர் தள்ளிப் பிடியுங்கள். கைவிளக்கைப் பக்கத்தில் பிடித்தால் ஒரு மூலை வெளுத்து மறுமூலை இருளும்.
4. இடது மேல், வலது மேல், இடது கீழ், வலது கீழ் என்று நான்கு திசையிலிருந்தும் ஒவ்வொரு படம். ஒரு திசையில் மறையும் கோடு மறு திசையில் எழும்பும்.
5. பிறகு பின்வாங்கி, கல் நிற்கும் இடம் முழுதும் தெரிய ஒரு படம். இதை விட்டுவிட்டால் கல் திருடுபோனாலோ இடம் மாறினாலோ நிரூபிக்க வழியில்லை.

சாக்பீஸ், கோலமாவு, எண்ணெய், தண்ணீர் எதையும் எழுத்தில் பூசாதீர்கள். எண்ணெய் கல்லில் இறங்கித் தூசியைப் பிடித்து வைக்கும். சாக்பீஸால் நீங்கள் போட்ட கோடு, அடுத்து வருகிறவருக்குக் கல்வெட்டின் கோடாகத் தெரியும். தப்பான வாசிப்புகள் இப்படியும் பிறந்திருக்கின்றன.

அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலின் கூரை ஓவியங்களுக்கு ஃபிளாஷும் கூடாது, பலமான விளக்கும் கூடாது. கோயிலைப் பராமரிக்கும் துறையின் அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, தரையில் கேமராவை மல்லாக்க வைத்து, நீண்ட நேர ஒளிப்பதிவில் எடுங்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் கிருஷ்ணகிரிக் கோட்டை, ராயக்கோட்டை போன்ற இடங்களில் கையால் எடுக்கலாம். முக்காலிக்கு முன் அனுமதி வேண்டும்.

பழைய படத்தின் இடத்தில் மறுபடியும் நிற்பது

இந்த வேலையில் மிகவும் திருப்தி தருவது இதுதான். பொறுமை கேட்பதும் இதுதான். ஆங்கிலேய ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1792இல் இந்தப் பக்கம் வந்து ராயக்கோட்டையையும் ஓசூரையும் வரைந்தார்கள். ஓவியம் பாறையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டும்; ஆகவே தொடக்கத்துக்கு ஒரு புகைப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி நகரப் படமாக இருந்தால் பின்னால் சையத் பாஷா மலை இருக்க வாய்ப்பு அதிகம். அது உங்களுக்குப் பெரிய வரம். கடை மாறும், கம்பம் மாறும், பாறை மாறாது.

முதலில் படத்தில் அசையாத பொருள்களைக் குறியுங்கள்: அருகில் இரண்டு, தூரத்தில் இரண்டு. கோபுரத்தின் இரு ஓரங்களும் மலையில் இரண்டு பாறைகளும் என்று வைத்துக்கொள்வோம். லென்ஸைப் பற்றி இப்போது கவலைப்படாதீர்கள். பொருள்கள் ஒன்றையொன்று எப்படி மறைக்கின்றன என்பதை நிற்கும் இடம்தான் தீர்மானிக்கும். லென்ஸ் ஓரத்தை வெட்டுவதோடு சரி.

இடவலம் சரிசெய்ய, கோபுரத்தின் ஓரம் எந்தப் பாறையைத் தொடுகிறது என்று பாருங்கள். நீங்கள் இடப்பக்கம் நகர்ந்தால் கோபுரம் பாறைக்கு வலப்பக்கம் போகும். தொடும் வரை நகருங்கள்.

முன்பின் சரிசெய்ய ஒரு கணக்கு. பழைய படத்தில் கோபுரத்தின் அகலம் 24 மி.மீ., இரண்டு பாறைகளுக்கு நடுவே 60 மி.மீ. என்றால் விகிதம் 0.40. உங்கள் திரையில் அளந்தால் 0.36 வருகிறது. விகிதம் குறைவு என்றால் நீங்கள் தள்ளி நிற்கிறீர்கள் என்று பொருள். கோபுரத்துக்கும் உங்களுக்கும் இப்போது 50 மீட்டர் என்றால், 50 பெருக்கல் 0.36 வகுத்தல் 0.40, அதாவது 45 மீட்டரில் நிற்க வேண்டும். ஐந்து மீட்டர் முன்னே போங்கள். மலை வெகு தூரத்தில் இருக்கும் வரை இந்தக் கணக்கு பொய்க்காது.

உயரத்துக்கு, அருகிலுள்ள கூரையின் விளிம்பு மலையின் எந்த மட்டத்தில் வெட்டுகிறது என்று பாருங்கள். பழைய படத்தில் கூரை தாழ்ந்து தெரிந்தால் எடுத்தவர் மாடியிலோ வண்டி மேலோ நின்றிருக்கிறார். அந்த மாடி இடிந்திருக்கலாம். அப்போது கேமராவை நீண்ட கோலில் கட்டி உயர்த்தி எடுங்கள்.

கடைசியாக நிழல். நிழல் விழும் திசையும் நீளமும் நேரத்தையும் பருவத்தையும் சொல்லும். அதே மாதத்தில் அதே நேரத்தில் எடுத்தால்தான் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைக்கும்போது தெருவின் மாற்றம் மட்டும் கண்ணில் படும். வெயில் வேறுபாடு குறுக்கே நிற்காது.

இடம் கிடைத்ததும் அதை எழுதுங்கள். ஜிபிஎஸ் மட்டும் போதாது; கட்டடங்களுக்கு நடுவே அது ஐந்து பத்து மீட்டர் தவறும். 'கோயில் வாசற்படியின் தென்மேற்கு மூலையிலிருந்து 45 மீட்டர், தெருவின் கிழக்கு ஓரத்திலிருந்து 1.2 மீட்டர், லென்ஸ் உயரம் 1.5 மீட்டர், வடக்குப் பார்த்து' என்று நாடாவால் அளந்து எழுதுங்கள். மின்கம்ப எண்ணையும் சேர்க்கலாம். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. சாலை அகலமாகும்போது முதலில் நகர்வது கம்பம்தான்.

மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்கு ஓடி 1941இல் மூடப்பட்ட குறுகிய ரயில் பாதையின் தடத்தைத் தேடுகிறவர்களுக்கும் இதே முறை உதவும். தண்டவாளம் இல்லை, மண் மேடும் சிறு பாலத்தின் கல்லும் எங்கே மிஞ்சியிருக்கின்றன என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு, அங்கங்கே நின்று இருபக்கமும் எடுங்கள்.

வீட்டுச் சுவரில் மாட்டிய படங்கள்

தெருவின் பழைய முகம் பெரும்பாலும் ஸ்டூடியோப் படங்களிலும் கல்யாண ஆல்பங்களிலும்தான் ஒளிந்திருக்கிறது: ஊர்வலத்தின் பின்னால் ஒரு கடைப் பலகை, பஸ் நிலையத்தில் எடுத்த குடும்பப் படம். மூலத்தை வீட்டை விட்டு வெளியே எடுக்காதீர்கள்; 'நாளைக்குக் கொடுக்கிறேன்' என்று போன படங்கள் திரும்பாத அனுபவம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அங்கேயே எடுங்கள். படத்தைச் சமதளத்தில் வைத்து, இருபக்கமும் 45 பாகையில் ஒரே அளவு வெளிச்சம். ஜன்னல் அருகில் என்றால் எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தாள். சிறிய படத்துக்கு ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ, நெகட்டிவுக்கு 2400க்குக் குறையாமல்.

கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்காதீர்கள். ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கும். உரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே, பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டி போட்டுச் சாய்வு வெளிச்சத்தில் எடுங்கள். நெகட்டிவ் டப்பாவைத் திறந்ததும் காடி வாசனை வந்தால் அந்த ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. மற்றவற்றிலிருந்து பிரித்து, முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள். எல்லாப் படத்துக்கும் பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் அங்கேதான்.

காசு கொடுத்து எடுத்துக்கொண்ட படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, காசு கொடுத்தவருக்கே என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். ஆகவே குடும்பப் படத்தை வெளியிடக் குடும்பத்தாரின் எழுத்து ஒப்புதல் வேண்டும்.

எதை எடுக்கக் கூடாது, எதைக் காட்டக் கூடாது

அரூர் வட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று அரசுப் பணியாளர்கள் செய்த, பாலியல் வன்கொடுமை உள்ளிட்ட கொடுமைகளுக்கு 2011 செப்டம்பர் 29 அன்றுதான் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள். 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அப்படிப்பட்ட ஊருக்குக் கேமராவோடு போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியவை உண்டு. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். முகத்தை மங்கலாக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். வீட்டுக் கதவு, கழுத்து மணி, மகன் பெயர், தெருவின் மூலை எல்லாம் அந்த ஊர்க்காரருக்கு அடையாளமே. அவரே எழுத்தில் சம்மதித்தால் சட்டம் இடம் தருகிறது. அப்போதும் இது எங்கே வரும், யார் பார்ப்பார்கள் என்று விளக்கி, ஒரு நாள் இடைவெளி விட்டு மறுபடி கேளுங்கள். சாதி மோதல் நடந்த தெருவில் எந்த வீடு யாருடையது என்று தெரியும் படம் பழிவாங்கலுக்கு வழிகாட்டும். எரிந்த பாத்திரமும் புத்தகமும் போதுமான சாட்சி. குழந்தைகள் என்றால், பாலியல் குற்றங்களிலிருந்து அவர்களைக் காக்கும் போக்சோ சட்டமும் சேரும்.

தொப்பூர் கணவாயில் விபத்தைக் கண்டால் முதலில் 108. உதவி வந்த பிறகு, சாலையின் வளைவும் சரிவும் தெரிய எடுங்கள். அடிபட்டவர் முகம் வேண்டாம். ரயில் நிலையத்துக்கும் அணைக்கும் முன் அனுமதி வாங்குங்கள். தருமபுரி, ஓசூர் நிலையங்கள் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டம், மொரப்பூர் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டம்; கடிதத்தை மாற்றி அனுப்பினால் ஒரு மாதம் போய்விடும்.

அன்று இரவே குறிப்பு

படத்தை இறக்குவதும் குறிப்பு எழுதுவதும் அன்று இரவே முடிய வேண்டும். மூன்று நாள் கழித்து எழுதினால் இடது வலது மாறும். குறிப்பு இப்படி இருக்கட்டும்:

'கிருஷ்ணகிரி, பழையபேட்டை, புளி மண்டி வாசல். 18.2.2025 செவ்வாய், காலை 7.40. தெருவின் மேற்கு ஓரத்திலிருந்து கிழக்குப் பார்த்து. ஓடு நீக்கிய புளியில் கொட்டை தட்டும் மூன்று பெண்கள். இடமிருந்து வலம் பெயர், வயது, ஊர் அவர்கள் சொன்னபடி. கூலி கிலோ கணக்கு என்றார்கள். பெயர் வெளியிடச் சம்மதம்: முதலிருவர் ஆம், மூன்றாமவர் வேண்டாம்.'

இதை நோட்டில் மட்டும் விடாமல் கோப்பின் உள்ளேயே, ஐபிடிசி விவரப் பகுதியில் தமிழில் ஏற்றுங்கள். கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள், இடம், வரிசை எண் என்று தொடங்குங்கள். அப்போதுதான் தானாகவே காலவரிசையில் அடுக்கப்படும். மூலக் கோப்பைத் திருத்தாமல் தனியே வையுங்கள். வெளிச்சம், நிறம், ஓர வெட்டு ஆகியவற்றைப் பிரதியில் சரிசெய்யலாம். கம்பியை அழிப்பது, வானத்தை மாற்றுவது, இல்லாத ஆளைச் சேர்ப்பது மூன்றும் ஆவணத்தைக் கொன்றுவிடும். மூன்று பிரதிகள்: கணினியில் ஒன்று, வெளி வட்டில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. வாட்ஸப்பில் அனுப்பியதைப் பிரதி என்று கணக்கில் எடுக்காதீர்கள். அது படத்தைச் சுருக்கி, உள்ளே ஏற்றிய குறிப்பையும் உதிர்த்துவிடும்.

படத்தில் இருப்பவர்களுக்கு ஒரு மாதத்துக்குள் 4க்கு 6 அங்குலப் பிரதி போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். பின்பக்கத்தில் தேதி, இடம், உங்கள் பெயர் மூன்றையும் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா முன்பக்கம் அழுத்தமாகத் தெரியும். பிரதியைக் கையில் வாங்கியதும் பெரும்பாலும் வீட்டுக்குள் கூப்பிட்டுப் பழைய ஆல்பத்தை எடுத்து வருவார்கள். அதனால் அன்றைக்குப் பையில் முழு பேட்டரியும் காலி கார்டும் இருக்கட்டும்.